உறங்கிய எஞ்சினை எழுப்புதல்: கரிசல் காட்டு மோட்டார் வரலாற்றில் ஒரு பக்கம்

என் தாய்மாமாவுக்குக் கோவில்பட்டியில் ஒரு பழைய பருத்திக் கிட்டங்கி உண்டு. பருத்தி வணிகம் நொடித்துப் பல ஆண்டுகளாகிவிட்டன. உடைந்த தராசும் சணல் சாக்குகளும் கிடந்த அந்தக் கிட்டங்கியின் மூலையில், தார்ப்பாய் போர்த்தி, 1964ஆம் ஆண்டு அம்பாசிடர் மார்க் 2 ஒன்று நின்றுகொண்டிருந்தது. 2003இல் அதன் ஓட்டுநர் காலமான பிறகு அதை யாரும் எடுக்கவில்லை. 2022 கோடையில் மாமாவின் மகன் வெளிநாட்டிலிருந்து வந்திருந்தபோது கிட்டங்கியை இடிப்பதென்று முடிவாயிற்று. பழைய இரும்புக்காரர் வந்து காரைச் சுற்றிப் பார்த்து எடைக்கு ஒரு விலையும் சொல்லிவிட்டுப் போனார். எண்பது வயதைக் கடந்த மாமா மறுப்பேதும் சொல்லவில்லை. என்னிடம் மட்டும், "போகட்டும் மருமகனே. அது சத்தத்த ஒரு தடவ கேட்டுட்டு அனுப்பிருவோம்" என்றார்.

டிராக்டரில் கயிறு கட்டி இழுத்து, கியரில் போட்டு கிளட்சை விட்டால் தானாகப் பற்றிக்கொள்ளும் என்றார் உறவினர் ஒருவர். டிராக்டரும் வந்துவிட்டது. அந்த வேளையில் நான் அழைத்துச் சென்ற முதிய மெக்கானிக் அண்ணாச்சி வாசலிலேயே நின்று, "சார், இப்ப இழுத்தா இன்னைக்கே எடைக்குப் போட்டுறலாம். சத்தம் கேக்கணும்னா எனக்குப் பத்து நாள் வேணும்" என்றார். அந்தப் பத்து நாள்களில் நான் கற்றுக்கொண்டவையும், அவற்றின் பின்னால் இருந்த வரலாற்றைத் தேடிப் படித்தவையுமே இக்கட்டுரை.

*

கரிசல் நிலத்துக்கும் எஞ்சினுக்குமான உறவு காரில் தொடங்கவில்லை. கிணற்றில் தொடங்கியது என்று சொல்ல வேண்டும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைப் பொறியியற் கல்லூரிப் பேராசிரியராக இருந்த ஆல்பிரட் சாட்டர்டன், அலுமினியப் பாத்திரத் தொழிலை இங்கே நிலைபெறச் செய்தவர் என்று நாம் அறிவோம். கிணற்று நீரை எண்ணெய் எஞ்சினால் இறைக்கும் சோதனைகளைச் சென்னை மாகாணத்தில் முன்னெடுத்தவரும் அவரே. கமலையில் மாடுகள் முன்னும் பின்னும் நடந்து இறைத்த நீரை ஓர் இரும்புப் பெட்டி இறைத்துவிடும் என்பதை அன்றைய உழவர் எளிதில் நம்பவில்லை. கோவில்பட்டியில் 1901இலேயே வேளாண் ஆராய்ச்சிப் பண்ணை அமைந்துவிட்டபோதிலும், இது மானாவாரி நிலம். ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழை. அதிலும் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் பெய்து முடிந்துவிடும். தோட்டக் கிணறு வைத்திருந்த சிலர் மட்டுமே எஞ்சினைப் பற்றி எண்ணிப் பார்க்க முடிந்தது.

அந்த எஞ்சின்களை இயக்குவதே ஒரு சடங்கு போலிருக்கும். சிலவற்றில் தலைப்பகுதியிலுள்ள இரும்புக் குமிழை ஊது விளக்கால் சிவக்கக் காய்ச்சிய பிறகே சக்கரத்தைச் சுழற்ற வேண்டும். 1944இல் பாபநாசம் நீர்மின் திட்டம் செயல்படத் தொடங்கி, பின்னர் சிற்றூர்களுக்கு மின்கம்பி சென்றபோது எண்ணெய் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகக் கிணற்றடியிலேயே கைவிடப்பட்டன. மின்சாரம் போதாத கோடைகளில் அவற்றை மீண்டும் எழுப்ப வேண்டியிருந்தது. நின்றுபோன எஞ்சினை எழுப்பும் கலை இப்பகுதியில் கிணற்றடிகளில்தான் பிறந்தது என்பது அண்ணாச்சியின் கருத்து. அவருடைய தகப்பனார் எண்ணெய் எஞ்சின் பழுது பார்த்தவர்.

சாலைக்கு எஞ்சின் வந்த கதை வேறு. திருக்குறுங்குடியில் 1877இல் பிறந்த டி.வி. சுந்தரம் அய்யங்கார், 1910களின் தொடக்கத்தில் பேருந்துத் தொழிலில் இறங்கினார். பின்னர் மதுரையைத் தலைமையிடமாகக் கொண்டு அவர் வளர்த்த நிறுவனம் தென்மாவட்டங்களின் மோட்டார்ப் பள்ளிக்கூடமாகவே விளங்கியது. மேற்கே கோவைப் பகுதியில் ஜி.டி. நாயுடு 1920இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே பேருந்தை ஓட்டித் தொடங்கினார். ஜெனரல் மோட்டார்ஸ் 1928இல் பம்பாயில் வண்டிகளைப் பூட்டிச் சேர்க்கத் தொடங்கியதும் செவர்லே வண்டிகள் நம் ஊர்களுக்கும் வந்து சேர்ந்தன.

இரண்டாம் உலகப் போர் வந்தது; பெட்ரோலுக்குப் பங்கீடு வந்தது. அப்போது ஓடியவைதாம் கரி பஸ்கள். பேருந்தின் பின்புறம் அண்டா போன்ற ஒரு கலன், அதில் மரக்கரி. காற்றைக் குறைவாகவே விட்டுக் கரியை எரித்தால் கார்பன் மோனாக்சைடு மிகுந்த எரிவாயு உண்டாகும். அதைக் குளிர்வித்து வடிகட்டி எஞ்சினுக்குள் செலுத்துவார்கள். டி.வி.எஸ். நிறுவனம் இத்தகைய எரிவாயுக் கலன்களைத் தானே தயாரித்தது. கிளீனர் பையன் விடியற்காலையில் கரியைப் பற்றவைத்து விசிறியைச் சுழற்றிச் சுழற்றி, வாயு நன்றாக எரிகிறதா என்று பார்த்த பிறகே ஓட்டுநர் வண்டியில் ஏறுவார். சாம்பலும் தாரும் உள்ளே சென்று எஞ்சினை அரித்தன. ஆகவே எஞ்சினை அடிக்கடி பிரித்துக் கழுவிப் பூட்டினார்கள். ஒரு தலைமுறை மெக்கானிக்குகளுக்கு எஞ்சினின் உட்புறம் உள்ளங்கை போலத் தெரிந்ததற்கு அந்தப் பஞ்ச காலமும் ஒரு காரணம்.

*

விடுதலைக்குப் பிறகு வந்ததை உரிமங்களின் காலம் என்று சொல்லலாம். 1942இல் பி.எம். பிர்லா தொடங்கிய ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், 1948இல் குஜராத்தின் ஓகா துறைமுகத்திலிருந்து வங்காளத்தின் உத்தர்பாராவுக்கு இடம் மாறியது. 1944இல் வால்சந்த் ஹீராசந்த் தொடங்கிய பிரீமியர் நிறுவனம் ஃபியட் வண்டிகளைச் செய்தது. சென்னையில் ஸ்டாண்டர்டு நிறுவனம் இருந்தது. எண்ணூரில் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ், ஆஸ்டின் கார்களைச் சேர்த்துக்கொண்டிருந்து, 1955இல் அசோக் லேலண்டாகிக் கனரக வண்டிகளுக்கு மாறியது. உள்நாட்டில் உற்பத்தி செய்யும் திட்டமில்லாத நிறுவனங்கள் தொடர இயலாது என்ற கொள்கையால் 1950களின் நடுப்பகுதியில் ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின.

மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு மூன்றாம் வரிசையின் இந்திய வடிவமே அம்பாசிடர். முதலில் 1476 சி.சி. எஞ்சின், 1959இலிருந்து தலைப்புற வால்வு கொண்ட 1489 சி.சி. எஞ்சின். கார் வேண்டுவோர் முன்பணம் கட்டிவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 1922இல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில் சிவகாசியிலிருந்து கோவில்பட்டி, சாத்தூர் எங்கும் பரவி, பருத்தியும் மிளகாயும் பணம் தந்த ஆண்டுகளில், இங்கும் சிலர் காத்திருந்து கார் வாங்கினார்கள். மாமாவின் தகப்பனார் அவர்களுள் ஒருவர்.

அவ்வாறு வாங்கியதை எவரும் எளிதில் தள்ளிவிடவில்லை. உதிரிப்பாகம் கிடைக்காவிட்டால் பட்டறையில் கடைந்து செய்தார்கள். மழை பொய்த்து விற்பனை படுத்த ஆண்டுகளில் கார் கொட்டகையில் நிற்கும். மழை பெய்து பருத்தி வெடித்த ஆண்டில் அதை மறுபடி எழுப்புவார்கள். வானம் பார்த்த பூமியில் காரும் ஒருவகையில் மானாவாரியாகவே வாழ்ந்தது.

*

நின்ற எஞ்சினை எழுப்புவதில் முதல் விதி, அதை உடனே எழுப்ப முயலாதிருத்தல். அண்ணாச்சி முதல் நாள் எதையும் சுழற்றவில்லை. பேட்டரியைக் கழற்றி வெளியே வைத்தார். பிறகு முகர்ந்தார், தடவினார், விளக்கடித்துப் பார்த்தார். காற்று வடிகட்டியில் எலி கூடு கட்டியிருந்தது. மின்கம்பிகளின் மேலுறை இரண்டிடத்தில் கொறிக்கப்பட்டுச் செம்பு தெரிந்தது. புகைக்குழாயின் வாயில் குளவி மண்கூடு வைத்திருந்தது. "இதுல ஒண்ணப் பாக்காம விட்டிருந்தாலும் தீப்பிடிச்சிருக்கும், இல்லேன்னா மூச்சடைச்சிருக்கும்" என்றார்.

கரிசல் மண் எஞ்சினுக்கு நண்பனா பகைவனா என்று கேட்டேன். இரண்டும்தான் என்றார். தூத்துக்குடிக் கடற்காற்றில் உப்பு அரிக்கும். இங்கே மாசியிலிருந்து ஆவணி வரை காற்று உலர்ந்தது, இரும்பு தாக்குப்பிடிக்கும். ஆனால் கரிசலின் களிமண் நீரைக் குடித்து உப்பி, மாதக்கணக்கில் ஈரத்தை விடாமல் வைத்திருப்பது. அந்தக் குணத்தால்தான் மழை நின்ற பிறகும் பருத்தி விளைகிறது. அதே குணத்தால் மண்தரைக் கொட்டகையில் நிற்கும் வண்டி அடிப்புறமாகத் துருப்பிடிக்கிறது. கோடையில் வெடிப்பு விடும் தரையிலிருந்து கிளம்பும் நுண்தூசி இடுக்குகளிலெல்லாம் புகுந்துவிடுகிறது.

அடுத்து நான்கு ஸ்பார்க் பிளக்குகளையும் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் மண்ணெண்ணெயும் மெல்லிய எஞ்சின் எண்ணெயும் கலந்து இரண்டு கரண்டி அளவு ஊற்றினார். இதன் காரணம் எளிது. எஞ்சின் எந்த நிலையில் நின்றாலும் சில வால்வுகள் திறந்தேயிருக்கும். அவற்றின் வழியே ஆண்டுக்கணக்கில் ஈரக்காற்று நுழைந்து, பிஸ்டன் வளையத்துக்கும் சிலிண்டர்ச் சுவருக்கும் இடையில் துருவை வளர்க்கும். அந்நிலையில் டிராக்டரால் இழுத்தால் வளையம் முறியும்; சுவரில் கீறல் விழும். அசையாமல் ஒட்டியிருக்கும் வால்வைத் தள்ளுதண்டு மோதி வளையும். எண்ணெய் ஊறினால் துரு இளகும். ஐந்து நாள், நாளுக்கொரு முறை ஊற்றினார். ஐந்து நாளும் மாமா நாற்காலி போட்டு அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆறாம் நாள் முன்புறத் துளையில் ஹேண்டிலைச் செருகினார். முழுச் சுற்று சுற்றவில்லை. ஓர் அங்குலம் முன்னே, ஓர் அங்குலம் பின்னே. வலுக்கட்டாயம் கூடாது, ஏறாத இடத்தில் திரும்பிவிட வேண்டும். அரைமணி நேரத்துக்குப் பிறகு ஏதோ ஒரு முனகலுடன் முழுச் சுற்று கிடைத்தது. பிறகு மேல்மூடியைக் கழற்றி, மெல்லச் சுழற்றச் சொல்லி, எட்டு வால்வுகளும் ஏறி இறங்குகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒன்று இறங்கத் தாமதித்தது. அதன் தண்டில் எண்ணெய் விட்டு மரச்சுத்தியால் மெதுவாகத் தட்டித் தட்டி வழிக்குக் கொண்டுவந்தார்.

பழைய எண்ணெயை வடித்தபோது முதலில் ஒரு கரண்டி நீர் வந்தது. குளிர்ந்து சூடாகும் காற்றின் ஈரம் அடியில் தங்கியிருக்கிறது. எண்ணெய் பாலாகத் திரிந்திருந்தால் ரேடியேட்டர் நீர் எஞ்சினுக்குள் கசிகிறது என்று பொருள். அப்படியானால் பிரித்தே ஆக வேண்டும். நல்வாய்ப்பாக இது கறுப்பாகவே இருந்தது. வடிகட்டியை மாற்றி, புதிய எண்ணெய் ஊற்றி, பிளக்குகள் இல்லாமலே ஹேண்டிலைச் சுழற்றிக்கொண்டிருந்தார். நெடுநாள் நின்ற எஞ்சினில் எண்ணெய்ப் பம்பு வறண்டிருக்கும். தாங்கிகளுக்கு எண்ணெய் எட்டுமுன் எஞ்சின் பற்றிக்கொண்டால் சில நொடிகளிலேயே உலோகம் உலோகத்தைத் தின்றுவிடும். எண்ணெய் அழுத்த முள் அசைந்த பிறகுதான் நிறுத்தினார்.

பெட்ரோல் தொட்டியிலிருந்து வார்னிஷ் நெடி வந்தது. அதைத் தொடவே வேண்டாம் என்று குழாயைத் துண்டித்து, சற்று உயரத்தில் கட்டிய சிறு கலனிலிருந்து புதிய பெட்ரோல் விட ஏற்பாடு செய்தார். இன்றைய பெட்ரோல் அந்த வண்டி அறிந்த பெட்ரோல் அன்று. 2000 பிப்ரவரி முதல் இந்தியாவில் ஈயம் கலந்த பெட்ரோல் இல்லை. ஈயம் பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகளுக்கு ஒரு காப்பாக இருந்தது. 2022இல் பத்து விழுக்காடாக இருந்த எத்தனால் கலப்பு 2025இல் இருபது விழுக்காட்டை எட்டியது. எத்தனால் ஈரத்தை ஈர்க்கும். பழைய ரப்பர்க் குழாய்களையும் பம்பின் சவ்வையும் கெடுக்கும். எனவே ரப்பர் அனைத்தையும் மாற்றினார். கார்பரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பாயிண்ட்டை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்துப் பொறி வருவதைக் கண்ணால் பார்த்தார். புதிய பேட்டரியை இணைக்குமுன் எந்த முனை வண்டியின் உடலோடு சேர்கிறது என்று இருமுறை சரிபார்த்தார். பழைய பிரிட்டிஷ் வடிவ வண்டிகள் பலவற்றில் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருக்கும். பழக்கதோஷத்தில் மாற்றிக் கொடுத்துவிடக் கூடாது.

பிரேக் மிதி தரைவரை போயிற்று. ஓடத் தொடங்கும் எஞ்சினைவிட நிற்க இயலாத வண்டியே ஆபத்தானது என்றார். சக்கரங்களை விடுவித்து வண்டியை வெட்டவெளிக்குத் தள்ளி, நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்தார். கிட்டங்கிக்குள் இயக்கினால் கண்ணுக்குத் தெரியாத நஞ்சு சேரும். கரி பஸ்ஸை ஓட்டிய அதே கார்பன் மோனாக்சைடுதான். பக்கத்தில் இரண்டு வாளி மணலும் ஒரு தீயணைப்பானும் வைக்கப்பட்டன.

*

பத்தாம் நாள் காலை. முதலில் ஹேண்டில். "கட்டவிரலையும் மத்த வெரலோட ஒரே பக்கமா வச்சுப் பிடிங்க சார், சுத்திப் பிடிச்சா, எஞ்சின் எதிர்த்து அடிக்கும்போது மணிக்கட்டு போயிரும்" என்றார். 1912இல் காடிலாக் கார் மின் தொடக்கியோடு வெளிவரும்வரை உலகெங்கும் எத்தனையோ பேர் இவ்வாறு கை முறிந்தார்கள். இரண்டு முறை சுற்றிப் பார்த்துவிட்டு அண்ணாச்சியே உள்ளே அமர்ந்து செல்ஃபை இழுத்தார். மூன்றாம் முறை பற்றிக்கொண்டது. நீலமும் வெள்ளையுமாகப் புகை எழுந்தது. ஊற்றிய எண்ணெய் எரிகிறது, அஞ்ச வேண்டாம் என்று கையைக் காட்டினார். ஆக்சிலேட்டரைத் தொட ஒருவரையும் விடவில்லை. அவர் கண் எண்ணெய் முள்ளில் இருந்தது.

மாமா நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, முன்மூடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார். சில நிமிடங்களுக்குப் பிறகு, "போதும்யா, அணச்சிருங்க. பாவம், ரொம்ப நாளாச்சு அதுக்கு" என்றார். நீர்ப்பம்பில் கசிவு இருந்தது. கிளட்சுத் தகடு ஒட்டிக்கொண்டிருந்தது. மறுநாள் அந்தப் புது எண்ணெயையும் வடித்துவிட்டார் அண்ணாச்சி. உள்ளே கரைந்த அழுக்கையெல்லாம் முதல் எண்ணெய்தான் சுமந்து வரும் என்றார்.

*

உத்தர்பாராவில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதம் நின்றது. 2017இல் அப்பெயர் 80 கோடி ரூபாய்க்குப் பிரெஞ்சு நிறுவனமான பெஜோவுக்கு விற்கப்பட்டது. கோவையில் 2015இல் ஜி.டி. நாயுடுவின் குடும்பத்தார் கார் அருங்காட்சியகம் திறந்தார்கள். விருதுநகரில் பிறந்து கரிசலின் வெயிலறிந்த காமராசர் பயன்படுத்திய, எம்.டி.டி. 2727 என்ற எண் கொண்ட செவர்லே கார், நெடுநாள் நின்ற பிறகு 2023இல் புதுப்பிக்கப்பட்டது. புகழ் பெற்றவர்களின் வண்டிகளுக்கு இவ்வாறு ஒரு வழி பிறக்கிறது. மற்றவற்றுக்குச் சட்டம்தான் வழி. 2021 ஜூலையில் வந்த விதிகளின்படி, ஐம்பது ஆண்டுகளைக் கடந்து மூல வடிவம் மாறாத வண்டிகளைத் தொன்மை வண்டிகளாகப் பதிவு செய்யலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், புதுப்பிக்க 5,000 ரூபாய். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டக் கூடாது. கண்காட்சிக்கும் பேரணிக்கும் ஓட்டலாம்.

வண்டியைக் காக்கச் சட்டம் இருக்கிறது. அதை எழுப்பத் தெரிந்த கையைக் காக்க எதுவுமில்லை என்பதே என் கவலை. அண்ணாச்சியிடம் தொழில் கற்ற மூவரும் இப்போது கணினியைச் செருகிப் பழுதறியும் பணிமனைகளில் இருக்கிறார்கள். அது அவர்களின் பிழையன்று. இடைசெவல் தந்த கி. ராஜநாராயணன் 1982இல் கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியை வெளியிட்டார். உழவனின் சொல்லுக்கும் அகராதியில் இடமுண்டு என்று தமிழ்க் கல்வியுலகம் அப்போது உணர்ந்தது. பட்டறைச் சொற்களையும் யாரேனும் அவ்வாறு தொகுக்க வேண்டும். எஞ்சின் 'பிடித்துக்கொண்டது' என்றால் இறுகிவிட்டது. 'பற்றிக்கொண்டது' என்றால் உயிர் வந்தது. டிஸ்ட்ரிபியூட்டருக்கு 'டெல்கோ' என்று பெயர். அந்தப் பத்து நாளில் இப்படி நூற்றுக்கும் மேற்பட்ட சொற்களை என் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். இலக்கணம் கற்பிக்கும் எனக்கு, இரு வினைச்சொற்களுக்கு இடையில் ஓர் எஞ்சினின் வாழ்வும் சாவும் இருப்பது அதுவரை தெரியாது.

மாமாவின் மகன் விடுமுறை முடிந்து ஊர் திரும்பினார். கிட்டங்கியின் ஒரு பக்கத்தை மட்டும் இடிக்கச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். பழைய இரும்புக்காரருக்கு நான்தான் சொல்லியனுப்பினேன். மாதம் ஒருமுறை ஐந்து நிமிடம் இயக்கி வைக்கட்டுமா என்று அண்ணாச்சியைக் கேட்டேன். கூடாது என்றார், அரைகுறையாகச் சூடானால் உள்ளே நீர் கோத்து எண்ணெய் கெடும், இயக்கினால் முழுச் சூடு ஏறும்வரை இயக்குங்கள், இல்லாவிட்டால் சும்மா விட்டுவிடுங்கள் என்றார். பிறகு ஒரு சாக்பீஸ் துண்டைக் கேட்டு வாங்கி, எஞ்சிய கிட்டங்கிச் சுவரில் அடுத்து எண்ணெய் மாற்ற வேண்டிய தேதியை எழுதிவிட்டுப் போனார்.